அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்பை வெட்டியது யார்?

கேள்வி இதுதான்: "காலனி ஆட்சியில் இருந்த வெப்பமண்டலத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த பிறகு தோட்டங்கள் எப்படி ஓடின? விவசாயமே மாறியதா, இல்லை ஆட்களை மட்டும் மாற்றினார்களா?"

கரீபியன், ஜாவா, இலங்கை, பிஜி என்று எல்லாத் தீவுகளையும் ஒரே பதிலில் அடைத்தால் எதுவும் உருப்படியாக வராது. அதனால் மொரிசியஸை எடுத்துக்கொள்கிறேன். 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது அங்கே மனிதர்களே இல்லை. 'ஏற்கெனவே இருந்த விவசாயத்தைக் கெடுத்தார்களா, வளர்த்தார்களா' என்று சண்டை போட அங்கே வழி கிடையாது. பயிர், உழைக்கும் ஆள், அவன் தின்னும் அரிசி வரை எல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை. எது எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பது அங்கே பளிச்சென்று தெரியும். மற்ற தீவுகளை வழியில் தொட்டுக்கொள்ளலாம்.

டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே ஜாவாவிலிருந்து கரும்பு வந்துவிட்டது. ஆனால் அவர்களுக்குச் சர்க்கரையில் பெரிய நாட்டம் இல்லை, கரும்புச்சாற்றில் சாராயம்தான் காய்ச்சினார்கள். கருங்காலி மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். டோடோ பறவை அழிந்ததும் இவர்கள் காலத்தில்தான். 1710இல் கட்டுப்படியாகவில்லை என்று தீவைக் கைவிட்டுப் போனார்கள்.

1721 முதல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லபோர்தொனே போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டியெழுப்பினார். அதற்குக் கொத்தனார்களும் தச்சர்களும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போனார்கள். மொரிசியஸ் தமிழர் என்றாலே ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கைவினைஞர்கள் அவர்களுக்கு நூறு வருடம் மூத்தவர்கள். அடிமைகளுக்குத் தீனி போடப் பிரேசிலிலிருந்து மரவள்ளிக்கிழங்கை வரவழைத்ததும் லபோர்தொனேதான்.

பிரெஞ்சுக்காரர்கள் அவுரி, பருத்தி, காபி, கிராம்பு, ஜாதிக்காய் என்று பலதையும் போட்டுப் பார்த்தார்கள். பியேர் புவாவ்ர் என்ற அதிகாரி, டச்சுக்காரர்களின் காவலில் இருந்த மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கடத்திவரச் செய்த கதை தனியாகச் சொல்ல வேண்டியது. இத்தனையும் போய்க் கடைசியில் கரும்பு நின்றதற்கு ஒரு முக்கியக் காரணம், புயல். அந்தத் தீவில் புயல் விருந்தாளி மாதிரி வந்து போகும். கிராம்பு மரம் பலனுக்கு வர ஆறேழு வருடம் ஆகும், ஒரு ராத்திரிக் காற்றில் மொத்தத் தோப்பும் சாய்ந்துவிடும். கரும்பு காற்றில் படுத்துக்கொள்ளும், வேர் பிடுங்காது. அந்த வருட வெட்டில் அடி விழும், ஆனால் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பிவிடும். கடன் கொடுத்த வியாபாரிக்கு இது போதும்.

1810இல் தீவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிரெஞ்சு முதலாளிகளின் நிலம், மொழி, சட்டம் எதிலும் கை வைக்கவில்லை. 1825இல் லண்டன் ஒரு முடிவு எடுத்தது: மொரிசியஸ் சர்க்கரைக்கு இனி மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு என்ன வரியோ அதே வரி. அவ்வளவுதான், தீவு முழுக்கக் கரும்பாகிவிட்டது. இருந்த காட்டை அழித்தார்கள், மற்ற பயிர்களைப் பிடுங்கினார்கள். ஆங்கிலேயர் 1807லேயே சட்டம் போட்டுத் தடை செய்த அடிமை வியாபாரம் இங்கே 1820களிலும் கள்ளத்தனமாக நடந்தது.

இங்கே கொஞ்சம் நின்று கரும்புக்காட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆள் எத்தனை பேர், எப்படி வேண்டும் என்பதைப் பயிர்தான் தீர்மானிக்கிறது.

மொரிசியஸ் எரிமலைத் தீவு. மண்ணுக்குச் சமமாகக் கறுப்புக் கல். கரணை ஊன்றும் முன் கல்லைப் பொறுக்க வேண்டும், பெயர்க்க வேண்டும், சுமந்து ஓரத்தில் அடுக்க வேண்டும். அந்தக் கற்குவியல்கள் இன்றும் வயல்களின் நடுவே படிப்படியாக நிற்கின்றன. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிலவற்றைப் பழங்காலப் பிரமிடுகள் என்று இணையத்தில் சிலர் கதை கட்டுகிறார்கள். எந்த நாகரிகமும் இல்லை, எல்லாம் அடிமையும் கூலியும் தலையில் சுமந்த கல். அப்புறம் கலப்பை ஓடாத நிலத்தில் கையால் குழி வெட்டி நடவு. தோகை அடைக்கும்வரை களை, பிறகு சோகை உரிப்பு. இதெல்லாம் வருடம் பூராவும் இருக்கும் வேலை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை வெட்டு. வெட்டிய கரும்பை ஓரிரண்டு நாளுக்குள் ஆலையில் போடாவிட்டால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும். ஆக, வெட்டு ஆரம்பித்தால் ஆலை ராப்பகலாக ஓடும். வயலில் ஒரு நாள் ஆள் வராவிட்டால் கொப்பரையில் நெருப்பு வீண். தோட்டத்துக்காரனுக்கு வேண்டியது மலிவான ஆள் என்பதைவிட, 'நாளைக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடியாத ஆள். நான் இந்தப் பதிலில் சொல்ல வருவது இதைத்தான். அடுத்த நூறு வருடத்துச் சட்டங்கள் எல்லாம் அந்த வாக்கியத்தை அவன் சொல்லாமல் தடுக்கத்தான்.

1835 பிப்ரவரி 1ஆம் தேதி மொரிசியஸில் அடிமை முறை ஒழிந்தது. சுமார் 66,000 பேர் விடுதலை பெற்றார்கள். பிரிட்டிஷ் அரசு தன் காலனிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 கோடி பவுன் நட்டஈடு கொடுத்தது, மொரிசியஸ் பங்கு 20 லட்சம் பவுனுக்கு மேல். பணம் போனது முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. விடுதலையும் உடனே கைக்கு வரவில்லை: 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்து, வாரத்துக்கு 45 மணி நேரம் பழைய முதலாளியிடமே சம்பளமில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள். நடவும் வெட்டும் தெரிந்தவர்களுக்கு என்ன பயிற்சியோ தெரியவில்லை. 1839இல் அதுவும் முடிந்ததும் பெரும்பாலானோர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். பெண்கள்தான் முதலில் வயலை விட்டார்கள். கடற்கரையில் மீன்பிடி, துறைமுகத்தில் கைவேலை, கையில் காசு சேர்த்தவர்களுக்கு ஒரு துண்டு நிலம். 'சோம்பேறிகள், சுதந்திரம் கொடுத்தால் உழைக்கமாட்டார்கள்' என்று முதலாளிகள் எழுதிவைத்தார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை அவர்களின் சந்ததியைத் துரத்துகிறது. தனக்காக உழைக்கப் போனவனை எப்படிச் சோம்பேறி என்பது?

முதலாளிகள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தத் தொழிலாளர்களோடு போர்ட் லூயிக்கு வந்தது 1834 நவம்பர் 2ஆம் தேதி. விடுதலை நாளுக்கு மூன்று மாதம் முன்பே மாற்று ஆள் வந்தாயிற்று. (இரண்டு தேதிகளும் இன்று அங்கே அரசு விடுமுறை.) 1838க்குள் 20,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஆள்பிடிப்பில் நடந்த மோசடிகளைக் கேள்விப்பட்டு இந்திய அரசு இடையில் தடை போட்டது, 1842இல் தடையை விலக்கியது, 1843இல் ஒரே வருடத்தில் 30,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். 1910 வரை கணக்கெடுத்தால் ஏறக்குறைய நாலரை லட்சம். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர், தெலுங்கர். அவர்கள் இறங்கிய இடத்தை முன்பு 'கூலி காட்' என்றார்கள், இப்போது ஆப்ரவாசி காட். 'கூலி' நம் சொல்லா, குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்ததா என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எதுவானாலும், செய்த வேலைக்குக் கொடுக்கும் பணத்தின் பெயர் செய்தவன் பெயராகவே ஆகிப்போனது.

ஒப்பந்தம் ஐந்து வருடம். மாதம் 5 ரூபாய், அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், உடுத்தத் துணி, தங்கக் குடிசை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வது 'டபுள் கட்' என்ற விதியில். 1847இல் இது சட்டமாகவே ஆனது. ஒருநாள் தகுந்த காரணமில்லாமல் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது, அபராதமாக இன்னொரு நாள் சம்பளமும் பிடித்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் நாளுக்கு மூன்றணாவும் சில்லறையும். ஐந்து நாள் விட்டவன் பத்து நாள் சம்பளத்தை இழப்பான், அதாவது 5 ரூபாயில் கிட்டத்தட்ட 2 ரூபாய். பதின்மூன்று நாள் வேலை செய்து பதின்மூன்று நாள் விட்டவனுக்கு மாதக் கடைசியில் கையில் ஒன்றுமே வராது. காரணம் தகுந்ததா இல்லையா என்று முதலில் முடிவு செய்பவர் தோட்டத்துத் துரை. சாட்டையை எடுக்கத் தேவையே இல்லாமல், பேரேட்டை வைத்தே வேலை வாங்கலாம்.

சரி, ஐந்து வருடம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாமே? ஆரம்பத்தில் இலவசத் திரும்பு பயணம் உண்டு. 1850களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் 'பழைய குடியேறிகள்' என்று ஒரு தனி வகை ஆனார்கள். காய்கறி போடுவது, பால் விற்பது, வண்டி ஓட்டுவது என்று அவர்களும் தோட்டத்தை விட்டு நழுவ ஆரம்பித்தபோது 1867இல் ஒரு சட்டம் வந்தது. பழைய குடியேறி ஒவ்வொருவரும் தன் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், எந்த வட்டாரத்தில் என்ன வேலை என்று போலீசில் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப்போடுவார்கள். சீட்டைத் தொலைத்தால் புதிதுக்குக் காசு கட்ட வேண்டும். 1860களில் புகைப்படம் என்பதே பணக்காரர் வீட்டுச் சமாசாரம். ஒரு தீவின் ஏழைகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தது அவர்களைக் கண்காணிக்கத்தான். அந்தப் படங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்று பேரன் பேத்திகள் கொள்ளுத்தாத்தாவின் முகத்தைத் தேடி அங்கேதான் போகிறார்கள்.

1871இல் அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரே பழைய குடியேறிகளுக்காக ஒரு மனு தயாரித்தார். 9,401 பேர் அதில் ஒப்பமிட்டார்கள். சக தோட்டக்காரர்கள் கொதித்துப்போய் அவரைத் தீவை விட்டு வெளியேற்றச் சொன்னார்கள். ஆனால் லண்டன் ஒரு விசாரணைக் கமிஷனை அனுப்பியது, 1875இல் அறிக்கை வந்தது, 1878இல் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது.

இதை 'வேறு பெயரில் அடிமை முறை' என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கம். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒப்பந்தக் கூலியின் பிள்ளை கூலியாகப் பிறப்பதில்லை, அவனை விற்க முடியாது, அவன் மனுப் போட முடியும், அந்த மனு சட்டத்தையே மாற்றியது. ஆனால் தோட்டத்துக்காரன் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. இது தற்செயல் இல்லை என்பதற்கு மற்ற தீவுகளைப் பாருங்கள்.

ஜமைக்காவில் உள்ளே மலையும் காலி நிலமும் இருந்தன. விடுதலையானவர்கள் ஏறிப்போய்க் கிராமங்கள் அமைத்துக்கொண்டார்கள், பல சர்க்கரைத் தோட்டங்கள் படுத்தன. பார்படோஸ் தட்டையான சின்னத் தீவு, ஒவ்வொரு ஏக்கருக்கும் முதலாளி இருந்தான். அங்கே விடுதலையானவன் தங்கியிருந்த குடிசையின் நிலமே தோட்டத்துக்குச் சொந்தம், வேலைக்கு வராவிட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். ஒரே அரசு, ஒரே விடுதலைச் சட்டம். ஆனால் ஓடிப்போக இடமில்லாத பார்படோஸுக்கு இந்தியாவிலிருந்து ஆள் தேவைப்படவில்லை. நிலம் நிறையக் கிடந்த டிரினிடாடுக்குத் தேவைப்பட்டது.

ஜாவாவில் ஆளை நகர்த்தவே இல்லை, பயிரை நகர்த்தினார்கள். 1830இல் டச்சு ஆளுநர் வான் டென் பாஷ் கொண்டுவந்த சாகுபடித் திட்டப்படி கிராமம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு சொல்லும் பயிரைப் போட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்பது ஏட்டில்தான். கரும்பும் நெல்லும் ஒரே வயலுக்கும் ஒரே தண்ணீருக்கும் அடித்துக்கொண்டன. அவுரிக்கும் கரும்புக்கும் ஆள் போய்விட்டால் நாற்று நட யார் இருப்பார்கள்? 1840களில் சிரபோன், டெமாக், குரோபோகன் வட்டாரங்களில் பஞ்சம் வந்தது. அதே காலத்தில் டச்சு அரசின் வருமானத்தில் சில ஆண்டுகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜாவாவிலிருந்து போனது.

இலங்கையில் கயிறு வேறு: கடன். அங்கே ஐந்து வருட ஒப்பந்தம் கிடையாது, சட்டப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையை விடலாம். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் தலைமேல் நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். பயிர் ஆளைத் தீர்மானிப்பதையும் இலங்கையில் நன்றாகப் பார்க்கலாம். காபிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் கூட்டம் வேண்டும், ஆட்கள் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுவழி நடந்து மலைக்குப் போய், முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் காபி இலையில் துரு நோய் கண்டது, அடுத்த இருபது வருடத்தில் காபி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குக் கொழுந்து வருடம் முழுக்க எடுக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்த லயங்களில் இன்றும் ஆள் இருக்கிறார்கள்.

மொரிசியஸுக்குத் திரும்புவோம். ஒற்றைப் பயிர் தீவை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சோறு வெளியிலிருந்து வந்தது: கல்கத்தாவிலிருந்து ஆளும் வந்தான், அவனுக்கு அரிசி மூட்டையும் வந்தது, சர்க்கரை லண்டனுக்குப் போனது. காடு கரும்புக்கும் ஆலை அடுப்புக்கும் போயிற்று. 1866 முதல் மலேரியா பரவியது. 1867இல் மட்டும் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள், அப்போது தீவின் மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்துக்கும் குறைவு. வசதியுள்ளவர்கள் போர்ட் லூயியை விட்டு மேட்டுப் பகுதியான கியூர்பீப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். கூலிக் குடிசைக்கு எங்கே மேடு?

பிறகு ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகி விலை விழுந்தது. பணமுடையில் இருந்த தோட்டங்கள் 1870களிலிருந்து ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் பழைய குடியேறிகள், முக்கியமாக ஆள் கட்டி மேய்த்த சர்தார்கள். தவணையில் வாங்கினார்கள், கல் பொறுக்கினார்கள், அதே கரும்பைப் போட்டார்கள். இந்தியர்கள் சிறு விவசாயிகளான கதை இப்படித்தான் தொடங்கியது, அவர்களின் பிள்ளைகள் படிக்கப் போனதும் இந்தக் காசில்தான். அதே நேரம் ஆலைகள் ஒன்றாகிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் 250க்கு மேல் இருந்தவை, இன்று விரல்விட்டு எண்ணலாம். நிலம் கைமாறியதும் பிடி தராசுக்கு மாறியது. பக்கத்தில் ஒரே ஆலை, வெட்டிய கரும்பு இரண்டு நாளில் கெட்டுவிடும், ஆலைக்காரன் சொன்னதுதான் எடை, அவன் சொன்னதுதான் விலை.

1937இல் சிறு விவசாயிகள் அதிகம் பயிரிட்ட 'ஊபா' ரகக் கரும்புக்கு 15 சதவீதம் விலையைக் குறைத்தார்கள். விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். ஆகஸ்ட் 13ஆம் தேதி யூனியன் ஃபிளாக் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு, நான்கு பேர் இறந்தார்கள். 1943 செப்டம்பரில் பெல் வியூ அரேலில் கூலி உயர்வு கேட்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஒருவர் அஞ்சலை கூப்பன், தமிழ்ப் பெண், அப்போது கர்ப்பிணி. அந்தப் பகுதியில் உள்ள விளையாட்டு அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்.

சுதந்திரம் 1968இல் வந்தது, அப்போதும் தீவு கரும்பில்தான் ஓடியது. 1975 முதல் ஐரோப்பா நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கிக்கொண்டது. 2006இல் தொடங்கி அந்த விலையை 36 சதவீதம் குறைத்தார்கள், 2009இல் ஏற்பாடே முடிந்தது. அதற்கப்புறம் வெட்டு இயந்திரத்தை நம்ப வேண்டியதாயிற்று. இயந்திரம் கல்லில் ஓடாது. அடிமைகளும் கூலிகளும் அடுக்கிவைத்த குவியல்களைப் புல்டோசர் வைத்துத் தள்ளி நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். இயந்திரம் திரும்ப இடமில்லாத சின்னத் துண்டுகளில், அதாவது அந்தப் பழைய குடியேறிகள் தவணை கட்டி வாங்கிய நிலங்கள் பலவற்றில், வெட்ட ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது.